மூணு உலக்கையில் எந்த உலக்கை விழல?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஊக்குநர் படித்துக் காட்டவும்.)



போன பொதுக்குழுவில் நான் கடன் திருப்பம் பற்றிப் பேசினேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டீங்க, நானும் பார்த்தேன். அதனால் இன்றைக்கு நம்ம வேனைப் பற்றிப் பேசப்போகிறேன். "வண்டி ரிப்பேர் எல்லாம் ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு மேடம்?" என்று கேட்காதீங்க. வண்டிக்குச் செலவாகிற ஒவ்வொரு ரூபாயும் உங்க சாமை, உங்க புளி, உங்க சேமிப்புதான்.

இது 2023 ஐப்பசி மாதம் நடந்தது. அதற்குப் பிறகு சேர்ந்த குழுக்களுக்கு முழுக்கதை தெரியாது. தெரிந்தவர்களும் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறீர்கள். நடந்ததை நடந்தபடி, என் தப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

வேன் நின்ற கதை

நம்ம வேன் 2005 மாடல் மாருதி ஓம்னி. 1984-ல் வந்து 2019-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டி வகை. பழசுதான். ஆனா நமக்கு அதுதான் கால். ஜமுனாமரத்தூரில் இருந்து போளூருக்கு நம்ம சாமை அரிசியும் புளியும் அதில்தான் இறங்கும். கூட்டத்துக்கு நீங்க வருவதும் அதில்தான். ஓட்டுவது நம்ம குழுத் தங்கச்சி. லைசென்ஸ் எடுத்து, மலைப்பாதையில் பழகி, மூணு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தது.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது வண்டி குலுங்க ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் கடகடவென்று ஆடும். கொஞ்சம் சூடானதும் சரியாகிவிடும். மலை ஏறும்போது மறுபடி இழுக்காது. சைலன்சரில் டப், டப் என்று சத்தம், பெட்ரோல் வாசனை. போளூர் போய் வர ஆகிற பெட்ரோலும் கூடிப்போச்சு.

டவுனில் ஒரு பட்டறையில் காட்டினோம். பிளக் மூணையும் மாற்றினார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், இன்ஜெக்டர் சுத்தம் செய்தார்கள். 3,200 ரூபாய். வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான்தான். நாலு நாள் நல்லா ஓடியது. அந்த நாலு நாளும் மழை இல்லை என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை. அஞ்சாம் நாள் மழை. வண்டி மறுபடி பழைய குலுக்கல்.

திரும்பக் கொண்டுபோனோம். ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார்கள். கருப்பாக, ஈரமாக இருந்தது. "ஆயில் மேலே வருது. ரிங் போச்சு. இன்ஜினை இறக்கி போர் பண்ணணும். 28,000 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். கூடவே, "லேடீஸ் ஓட்டுற வண்டி, இப்படித்தான் சீக்கிரம் உட்கார்ந்துடும்" என்று ஒரு வார்த்தையும் சொன்னார்கள்.

இங்கேதான் என் தப்பு. நான் படித்தது சமூகப்பணி. பெண்களைக் குறை சொன்னால் எதிர்த்துக் கேட்கணும் என்று உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். அன்றைக்கு அந்தத் தங்கச்சியைப் பார்த்து, "நீ கொஞ்சம் பார்த்து ஓட்டியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். அது ஒண்ணும் பேசவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டது.

28,000 எங்கிருந்து வரும்? உங்களுக்குச் சாமைக்குக் கொடுக்க எடுத்து வைத்திருந்த பணத்தில் இருந்துதான். தீர்மான நோட்டில் எழுதி வாசிக்கவும் செய்தாச்சு. கையெழுத்துப் போடும்போது ஒரு பாட்டியம்மா கேட்டாங்க: "ரிங் போச்சுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது? அளந்து பார்த்தாங்களா?"

யாரிடமும் பதில் இல்லை. ஆத்துல போட்டாலும் அளந்து போடணும் என்பார்கள். நாம் அளக்காமலே போட இருந்தோம். தீர்மானத்தை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

பெரியவர் கேட்ட கேள்விகள்

போளூர் பக்கத்தில் ஒரு பெரியவர். பட்டறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஒரு உறுப்பினருக்கு மாமா முறை. அவரை அழைத்து வந்தோம். வண்டியைத் தொடுவதற்கு முன்னால், "இதை ஓட்டுறது யாரு? அவங்களைக் கூப்பிடுங்க" என்றார். நான் போய் அந்தத் தங்கச்சியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

அவர் கேட்ட கேள்விகளைப் பாருங்க. "எப்போ குலுங்குது? காலையிலயா, சூடான பிறகா? மழைக்குப் பிறகா? சும்மா நிக்கும்போதா, லோடு ஏத்தி மேட்டுல ஏறும்போதா? ஒரே சீரா விட்டு விட்டு வருதா, எப்பவாவதா?" தங்கச்சி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னது. ஈரமான காலையிலும், லோடோடு மேடு ஏறும்போதும் மட்டும்தான் என்று சரியாகச் சொன்னது. பட்டறையில் இதை யாரும் அதனிடம் கேட்டதே இல்லை.

பிறகு எங்களுக்கும் புரியும்படி சொன்னார். "இந்த இன்ஜினில் மூணு சிலிண்டர். மூணு பொம்பளைங்க ஒரே உரலில் மாத்தி மாத்தி உலக்கை போடுற மாதிரி. ஒருத்தி கை நின்னா தாளம் தப்புது இல்லையா? அதுதான் இந்தக் குலுக்கல். நாங்க 'மிஸ்ஸிங்'னு சொல்லுவோம். எந்த உலக்கை விழலன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். ஏன் விழலன்னு அப்புறம் பார்க்கணும். அதுக்கும் அப்புறம்தான் காசு."

வண்டி சும்மா நிற்கும்போதே இன்ஜின் நிமிஷத்துக்கு 800 சுற்றுக்கு மேல் சுற்றும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கணும். அப்படியென்றால் ஒரு சிலிண்டருக்கு நிமிஷத்துக்கு 400 முறைக்கு மேல். அதில் ஒன்று வேலை செய்யவில்லை என்றால், மற்ற இரண்டும் அதன் சுமையையும் சேர்த்து இழுக்கணும்.

ஒரு சிலிண்டர் வெடிக்க மூன்று வேணும்:

ஒன்று, காற்றும் பெட்ரோலும் சரியான அளவில் கலந்து வரணும். அடுப்பில் விறகும் காற்றும் மாதிரி.

இரண்டு, அந்தக் கலவையை நன்றாக அழுத்தணும். இதற்குக் கம்ப்ரஷன் என்று பெயர். குக்கரில் கேஸ்கட் போனால் ஆவி ஒழுகி விசில் வராது. அதே மாதிரி ரிங்கோ வால்வோ ஒழுகினால் அழுத்தம் நிற்காது.

மூன்று, சரியான நேரத்தில் தீப்பொறி விழணும். கேஸ் லைட்டர் மாதிரி. அந்த வேலையைச் செய்வது ஸ்பார்க் பிளக்.

இந்த மூன்றில் எது குறைந்தாலும் வெளியே தெரிவது ஒரே குலுக்கல்தான். குலுக்கலை மட்டும் பார்த்துவிட்டு "ரிங் போச்சு" என்று சொல்ல முடியாது.

சோதனை செய்த வரிசை

முன் சீட்டைத் தூக்கினால் ஓம்னியின் இன்ஜின் தெரியும். வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தச் சொன்னார். மூடிய கொட்டகையில் இன்ஜினை ஓடவிட்டால் புகையில் இருக்கும் விஷவாயு ஆளையே கொல்லும். முந்தானையை இழுத்துச் செருகச் சொன்னார். வளையல் கழற்றி, பின்னலை முடிந்துகொண்டோம். பெல்ட்டில் துணி சிக்கினால் கையும் போகும்.

முதல் சோதனை, எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒரு பிளக் வயரைக் கழற்றினார். அந்த வயரில் ஒரு பழைய பிளக்கை மாட்டி, அதன் உடம்பு இன்ஜின் இரும்பில் நன்றாகப் படும்படி வைத்தார். பிறகு ஸ்டார்ட் செய்து கொஞ்ச நேரம் மட்டும் கேட்டார். முதல் சிலிண்டர் வயரைக் கழற்றியபோது குலுக்கல் அதிகமானது. அப்படியென்றால் அது வேலை செய்துகொண்டிருந்த சிலிண்டர். மூன்றாவதும் அப்படியே. இரண்டாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை! ஏற்கெனவே வேலை செய்யாதவளை வீட்டுக்கு அனுப்பினால் வேலை குறையுமா? அந்த இரண்டாவதுதான் விழாத உலக்கை.

ஒரு எச்சரிக்கை. ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரைக் கையால் தொடவே கூடாது. வீட்டுக் கரன்ட் 230 வோல்ட். பிளக் வயரில் 10,000 வோல்ட்டுக்கு மேல் போகும். இந்தச் சோதனையைத் தெரிந்தவர்தான் செய்யணும். நாம் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம்.

இரண்டாவது சோதனை, பிளக்கைப் பார்ப்பது. பிளக்கின் முனை இன்ஜினின் நாக்கு மாதிரி. வெளிர் காப்பி நிறத்தில் காய்ந்து இருந்தால் நல்ல எரிப்பு. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். வெள்ளையாக வெந்திருந்தால் சூடு அதிகம், அல்லது பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பிடிக்கவில்லை.

நம்ம இரண்டாவது பிளக் கருப்பாக, ஈரமாகத்தான் இருந்தது. பட்டறையில் பார்த்ததும் இதையேதான். பெரியவர் அதை முகர்ந்து பார்த்து எங்களிடமும் நீட்டினார். பெட்ரோல் வாசனை! ஒரு காகிதத்தில் துடைத்து வெயிலில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிட்டது. ஆயிலாக இருந்தால் பிசுபிசுவென்று கறையாக நிற்கும். இந்த ஒரு முகர்தலில்தான் 28,000 ரூபாய் நின்றது.

மூன்றாவது, இடம் மாற்றிப் பார்ப்பது. இரண்டாவது பிளக்கைத் துடைத்து மூன்றாவதில் போட்டார், மூன்றாவதை இரண்டாவதில் போட்டார. பிளக்கில் கோளாறு என்றால் குலுக்கலும் அதோடு இடம் மாறணும். மாறவில்லை. இரண்டாவதே நின்றது. ஆக, பிளக் குற்றவாளி இல்லை. புதுசு எதுவும் வாங்காமலே ஒரு பொருளை விடுவித்தாச்சு.

நான்காவது, அளந்து பார்ப்பது. பாட்டியம்மா கேட்ட கேள்விக்கான பதில் இதுதான். பிளக் ஓட்டையில் கம்ப்ரஷன் கேஜ் என்ற கடிகாரம் மாதிரி ஒரு கருவியை வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்தார். மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு. ரிங் போயிருந்தால் அந்த சிலிண்டரின் அளவு நன்றாகக் குறைந்திருக்கும். போர் பண்ண வேண்டிய வேலையே இல்லை.

பெட்ரோல் வருகிறது. அழுத்தம் இருக்கிறது. மிச்சம் இருப்பது பொறி மட்டும்தான்.

இருட்டில் தெரிந்த பொறி

அன்று இரவு தூறல். விளக்கை அணைத்துவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். தள்ளி நின்று பார்த்தோம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குப் பக்கத்தில், இரண்டாவது வயர் சேருகிற இடத்தில், நீல நிறத்தில் சின்னச் சின்னப் பொறி. பிளக்குக்குப் போக வேண்டிய கரன்ட் வழியிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது. நிலத்துக்குப் போகிற தண்ணி வாய்க்காலில் உடைப்பெடுத்த மாதிரி.

காலையில் மூடியைக் கழற்றினார். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு விரிசல். அதன் மேல் எறும்புப் பாதை மாதிரி ஒரு கரிக்கோடு. விரிசலில் ஈரம் இறங்கும்போது கரன்ட் குறுக்கு வழியில் போகும். போகிற இடம் கருகிக் கரியாகும். கரி கரன்டைக் கடத்தும். அதனால் அடுத்த முறை இன்னும் சுலபமாக ஒழுகும். துடைத்தால் தீராது, மூடியை மாற்றணும். இரண்டாவது வயரின் ரப்பரும் இன்ஜின் சூட்டில் காய்ந்து வெடித்திருந்தது.

இப்போது எல்லாம் புரிந்தது. காலையில் ஈரம், அதனால் குலுக்கல். சூடானதும் ஈரம் காய்ந்து சரியாகிறது. லோடோடு மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துகிறோம். சிலிண்டருக்குள் கலவை அதிகம், அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தில் பிளக்கில் பொறி குதிக்க இன்னும் அதிக வோல்ட் வேணும். கரன்ட் கஷ்டமான வழியை விட்டு விரிசல் வழியாக ஓடிவிடும். தங்கச்சி சொன்ன இரண்டு அறிகுறியும் இந்த ஒரு விரிசலில் சேர்ந்தது.

மூடி, உள்ளே சுற்றுகிற ரோட்டர், வயர் செட் மூன்றும் 1,450 ரூபாய். வயர்களை ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதுசை மாட்டிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டார். மொத்தமாகக் கழற்றினால் எது எங்கே என்று குழம்பும். இந்த இன்ஜின் வெடிக்கிற வரிசை 1, 3, 2. வயர் இடம் மாறினால் புது மிஸ்ஸிங் வரும்.

எரியாத பெட்ரோல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலோடு கலந்திருந்தது. ஆயில் குச்சியை முகர்ந்தாலே தெரிந்தது. நீர்த்துப்போன ஆயிலில் ஓட்டினால் உண்மையாகவே ரிங்கும் பேரிங்கும் தேய்ந்துவிடும். ஆயில் மாற்ற 900. பெரியவர் கூலி 300. மொத்தம் 2,650 ரூபாய். தீபாவளிச் சரக்கு மழையிலேயே போளூர் இறங்கியது. சாமைக்கு உங்க பணமும் முழுசாக வந்தது.

எல்லா மிஸ்ஸிங்கும் இது இல்லை

நான் சொன்னதை வைத்துக்கொண்டு எல்லாப் பழைய வண்டிக்கும் மூடியை மாற்றச் சொல்லாதீங்க. நிற்கும்போது மட்டும் குலுங்கி, வேகம் எடுத்தால் சரியானால், காற்றுக் குழாய் ரப்பர் வெடித்துக் காற்று ஒழுகலாம். உஸ்ஸென்று சத்தம் கேட்கும். வேகத்தில் மட்டும் திணறினால் பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கலாம். ரொம்ப நாள் நிறுத்திய வண்டியில் டாங்கில் தண்ணீர் இறங்கியிருக்கலாம். இப்போது பெட்ரோலில் கலக்கிற எத்தனால் ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது. அதனால் பழைய வண்டியை மாதக்கணக்கில் சும்மா நிறுத்தாதீங்க.

சில நேரம் பெரிய செலவும் உண்மைதான். போன வருஷம் நம்ம உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பழைய மாருதி 800 குலுங்கியது. அளந்தால் ஒரு சிலிண்டரில் அழுத்தம் பாதிகூட இல்லை. ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி அளந்தார்கள். ஆயில் ஊற்றியதும் அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. ஏறவில்லை. வால்வு இடைவெளியைச் சரிசெய்து பார்த்தும் தீரவில்லை. ஹெட்டை இறக்கினார்கள், ஒரு வால்வு கருகியிருந்தது. செலவு ஆனது. ஆனா எதற்கு ஆகிறது என்று தெரிந்து செய்தார்கள். ஹெட் வேலையோடு முடிந்தது, முழு இன்ஜினையும் தொடவில்லை.

புது வண்டிகளில் இன்ஜின் விளக்கு எரியும். கருவி வைத்தால் எந்த சிலிண்டர் என்று எண்ணே வரும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங். ஆனா அந்த எண் எந்த சிலிண்டர் என்று மட்டும்தான் சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்கு அதே பழைய வரிசைதான். அந்த விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஓட்டாமல் நிறுத்திவிடுங்க. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் உள்ள புகை சுத்தம் செய்யும் பாகத்தைக் கெடுத்துவிடும். அது விலை கூடிய பாகம்.

நாம் செய்த தீர்மானம்

மெக்கானிக் எல்லாரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பட்டறைக்காரர் வேண்டுமென்றே சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்க வேண்டியது நம்ம கடமை. நாம் கேட்கவில்லை. இப்போது நம்ம தீர்மான நோட்டில் இருப்பது இதுதான்:

1. வண்டிக்கு ஒரு நோட்டு. எப்போது, எந்த நிலையில் கோளாறு வந்தது என்று ஓட்டுகிறவர் எழுதணும். மழையா, வெயிலா என்பதும் அதில் இருக்கணும்.

2. பட்டறைக்கு ஓட்டுகிறவரும் கூடப் போகணும்.

3. பாகம் மாற்றும் முன் மூன்று கேள்வி: எந்த சிலிண்டர்? என்ன சோதனையில் தெரிந்தது? இடம் மாற்றிப் பார்த்தாச்சா?

4. செலவில்லாத சோதனை முதலில், செலவுள்ளது கடைசியில். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும். கழற்றிய பழைய பாகத்தை வாங்கி வந்து காட்டணும்.

5. இன்ஜின் இறக்கணும் என்றால், கம்ப்ரஷன் அளவை எழுதி வாங்காமல் பணம் கிடையாது.

கடைசியாக ஒன்று. அந்தத் தங்கச்சியிடம் நான் அன்றைக்கே தனியாக மன்னிப்புக் கேட்டேன். ஆனா குறை சொன்னது நாலு பேர் முன்னால். அதனால் இன்றைக்கு உங்க எல்லோர் முன்னாலும் கேட்கிறேன். வண்டி நின்றது அதன் ஓட்டினால் இல்லை, ஒரு பிளாஸ்டிக் மூடியின் விரிசலால். விரிசலைக் கண்டுபிடிக்க உதவியதே அது சொன்ன பதில்கள்தான். ஒரு உறுப்பினர் தவணை கட்டவில்லை என்றால் பேரேட்டைப் பார்க்காமல் ஏசக்கூடாது என்று உங்களுக்குச் சொல்கிறேனே, அந்தப் பாடத்தை நான் ஒரு வேனிடம் மறுபடி படித்தேன்.

வேன் வெளியே நிற்கிறது. கூட்டம் முடிந்ததும் தங்கச்சி முன் சீட்டைத் தூக்கி, பிளக் எது, வயர் எது, மூடி எது என்று காட்டும். இன்ஜின் ஆறியிருக்கு, பயப்படாமல் வாங்க. பழைய மூடியையும் எடுத்து வைத்திருக்கிறோம். அந்தக் கரிக்கோட்டை ஒவ்வொருவரும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் போங்க.